பத்தொன்பது பேருக்குக் குளிர்காய்ச்சல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பழனியம்மாள் தாசம்பேட்டை முன்சீப் கோர்ட் வாசலில் வந்து உட்கார்ந்தபோது, அவளுடைய வழக்கு தள்ளுபடியாகி ஐந்து நாள் ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புங்கமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியை வைத்துவிட்டு அத்தனை நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

சித்தேரி மலைமேல் நொச்சிக்காட்டிலிருந்து கோழி கூப்பிடக் கிளம்பி நான்கு மணி நேரம் நடந்து இறங்கியிருந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் பாதையெல்லாம் வழுக்கல். தலையில் ஒரு மூட்டை கடுக்காய். பின்னால் கொழுந்தன் குள்ளன் இரண்டு பலாப்பலகையைச் சுமந்துகொண்டு வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தான். கடுக்காயையும் பலகையையும் சந்தையில் வழக்கமான கடையில் இறக்கிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார்கள். அவர்களைப் போலவே மலையிலிருந்து இறங்கிய இன்னும் பதினேழு பதினெட்டுப் பேர் அங்கங்கே குந்தியிருந்தார்கள்.

வழக்கு இதுதான். பழனியம்மாளின் புருஷன் காளி இடி விழுந்து செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் விட்டுப்போன இரண்டரை ஏக்கர் காடுதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் சோறு போடுவது. கீழ்நாட்டில் மரவள்ளிக் கிழங்கு வியாபாரம் செய்யும் வெங்கடாசலம் என்பவர், காளி அந்தக் காட்டைத் தனக்குக் கைநாட்டு வைத்து விற்றுவிட்டதாக ஒரு பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். காளி கையெழுத்துப் போடத் தெரிந்தவன். அவன் எதற்குக் கைநாட்டு வைக்கப்போகிறான்? பழனியம்மாள் கோர்ட்டுக்கு வந்து, வெங்கடாசலம் காட்டில் கால் வைக்கக்கூடாது என்று தடையுத்தரவு வாங்கினாள். அந்த ஒரு தாளின் பலத்தில்தான் இந்த வருஷம் சாமை விதைத்தாள். இப்போது கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. இன்னும் பத்து நாளில் அறுக்க வேண்டும்.

உள்ளே டவாலி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு பேரையும் மூன்று முறை. எல்லாம் கீழ்நாட்டுப் பேர்கள். மலைப் பேர் ஒன்றுகூட வரவில்லை. பன்னிரண்டு மணி ஆனபோது பழனியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் டவாலியிடம் கேட்டாள்.

"ஏனுங்க, எங்களயெல்லாம் எப்பக் கூப்பிடுவீங்க?"

"உங்களுக்கு இன்னிக்கு இல்லம்மா. போர்டப் பாரு, அதுல போட்டிருக்குது."

போர்டில் நீளமான தாள் ஒன்று தொங்கியது. இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. முழுக்க இங்கிலீஷ். பழனியம்மாள் அதைப் பார்த்தாள். அவளால் பார்க்கத்தான் முடியும். நியாயமாகச் சொன்னால், தாசம்பேட்டைக் கடைத்தெருவில் பாதிப் பேருக்கும் அதற்குமேல் முடியாது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தாசம்பேட்டையில் செவ்வாய்க்கிழமை சந்தை. மலை ஜனம் வாரத்துக்கு ஒரு நாள் அன்றுதான் இறங்கும். உப்பு, மண்ணெண்ணெய், தபால், வைத்தியம், சம்பந்தம் பேசுவது எல்லாம் அன்றைக்கே. அதனால் மலைக்காரர் வழக்குகளுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமைதான் வாய்தா. எந்த முன்சீப் காலத்தில் ஆரம்பித்ததோ தெரியாது. எந்தச் சட்டத்திலும் இல்லை. பெஞ்ச் கிளார்க் டைரியில் அப்படி எழுதுவார், முன்சீப்பும் தலையாட்டுவார். "அடுத்த மாசம் ரெண்டாஞ் சந்தை" என்று சொன்னால் போதும், ஒருவரும் தவற மாட்டார்கள். இருபது முப்பது வருஷமாகக் கோர்ட் அப்படித்தான் நடந்தது. ஒரு குடியும் முழுகிப்போகவில்லை.

அந்த வருஷம் தர்மபுரியில் கம்ப்யூட்டர் வந்தது. தாலுகா கோர்ட்டுகளின் வழக்கு விவரத்தையெல்லாம் ஃபாரத்தில் நிரப்பிப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும், அங்கே குளிர்சாதன அறைக்குள் மிஷின் தேதி போட்டு லிஸ்ட் அடித்து அனுப்பும் என்று உத்தரவு. மிஷின் ஊர்வாரியாகப் பிரித்துக் கிழமைகளைப் பங்கு வைத்தது. மலைக்கு வியாழக்கிழமை விழுந்தது. குளிர்சாதன அறைக்குள் இருப்பவர்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதானே?

பெஞ்ச் கிளார்க் நூர் பாஷா சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தார். ஐம்பத்தாறு வயது. மலைக்காரர்கள் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பேர் சொல்லக்கூடியவர். மரத்தடியில் அவர்களைக் கண்டதும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று அவருக்குத் தோன்றியது. பழனியம்மாள் விடவில்லை.

"பாய், நில்லுங்க. என்னா நடக்குது இங்க?"

"உனக்குக் கார்டு வரலியாம்மா? வக்கீல் குமாஸ்தா போட்டாரே."

"எந்தக் கார்டு?"

குள்ளன் மடியை அவிழ்த்து ஒரு தபால் கார்டை எடுத்தான். "இதுங்களா? காலையில அடிவாரத்து டீக்கடயில குடுத்தாங்க. சந்தையில ஆராச்சும் படிக்கத் தெரிஞ்சவங்கள்ட்ட காட்டலாம்னு வச்சிருந்தேன்."

மலைக்குத் தபால்காரர் ஏறுவதில்லை. கடிதமெல்லாம் அடிவாரத்து டீக்கடையில் கிடக்கும். செவ்வாய்க்கிழமை இறங்குகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நூர் பாஷா கார்டை வாங்கிப் பார்த்தார். 

"என்னா போட்டிருக்குது?"

"வியாழக்கெழம வாய்தா, தவறாம வரணும்னு போட்டிருக்குது."

"நாளான்னைக்கிங்களா?"

"போன வியாழக்கெழமம்மா. பன்னண்டாந்தேதி. மூணு தடவ கூப்பிட்டாங்க. நீங்க யாரும் வரல. பத்தொம்பது கேசும் தள்ளுபடி."

மரத்தடியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நூர் பாஷாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தள்ளுபடின்னா?" என்றாள் பழனியம்மாள்.

"கேசு இல்ல. தடையுத்தரவும் இல்ல."

"அந்த வெங்கடாசலத்துக்குத் தெரியுமா?"

"அன்னிக்கு வந்திருந்தாரு."

"அவருக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

"போர்டுல போட்டிருந்துச்சும்மா."

"போர்டு!" என்றாள். காளி காலத்து வழக்குகளையும் சேர்த்து இருபது வருஷமாக இவர்கள் சொன்ன கிழமைக்கு, மழை வெயில் பாராமல், பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள்கூட இறங்கியிருக்கிறாள். ஒரு நாள் தவறியதில்லை. இப்போது இவர்களாகக் கிழமையை மாற்றி, தங்களுக்குள்ளேயே கூப்பிட்டு, அவள் வரவில்லை என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

"நீங்கதான பாய் அந்தத் தாள எழுதி அனுப்பினீங்க? எங்களுக்குச் செவ்வாக்கெழமன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா. ஓரமா எழுதி அனுப்பினேன். ஓரத்துல கிறுக்காதீங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." அவர் குரல் இறங்கியிருந்தது. "முன்சீப் அய்யாகிட்டயும் சொன்னேன். அவரு புதுசு. இந்த மாசம் எத்தன கேசு முடிஞ்சுதுன்னு மிஷின் எண்ணிக் காட்டுமாம். வக்கீலு டைம் கேட்டும் குடுக்கல."

"ஓ, எங்க காட்டயும் முடிஞ்ச கணக்குல சேத்துட்டீங்க."

"வக்கீலப் போய்ப் பாரு. மறுபடி எடுத்துக்கச் சொல்லி மனுப் போடலாம். இன்னிக்கே போடச் சொல்லு," என்று மட்டும் சொன்னார் நூர் பாஷா.

மலை வழக்குகள் எல்லாம் வக்கீல் மாதேஸ்வரனிடம்தான். அவருடைய ஆபீசில் மனு தயாராகவே இருந்தது. பத்தொன்பது மனுவும் சைக்ளோஸ்டைல் செய்து, பேர் மட்டும் காலியாக விட்டு அடுக்கி வைத்திருந்தார். குமாஸ்தா ஒவ்வொன்றாகப் பேர் எழுத, ஒவ்வொருவராக மைப்பெட்டியில் விரலை அமுக்கினார்கள். பழனியம்மாள் முறை வந்தது.

"என்னா எழுதியிருக்குதுன்னு படிங்க."

"எல்லாம் வழக்கமா எழுதறதுதாம்மா. வை."

"படிங்க சாரு."

மாதேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மனுதாரராகிய நான் பன்னிரண்டாம் தேதியன்று கடுமையான குளிர்காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால் கோர்ட்டில் ஆஜராக இயலவில்லை. வேண்டுமென்றே ஆஜராகாமல் இருக்கவில்லை..."

"எனக்குக் காய்ச்சல் வரலயே."

"வந்துச்சுன்னா சொல்றேன்? எழுதறதுதான். கீழ்நாட்டு ஆளுங்களுக்கு மஞ்சக்காமால, மலை ஆளுங்களுக்குக் குளிர்காய்ச்சல். எல்லா வக்கீலும் அப்பிடித்தான் எழுதுவாங்க."

"பன்னண்டாந்தேதி நான் காட்டுல குருவி வெரட்டிக்கிட்டு இருந்தேன். படுக்கல. வாய்தா எனக்குத் தெரியாது. அதத்தான எழுதணும்?"

"அத எழுதினா போர்டுல போட்டோமே, ஏன் பாக்கலம்பாங்க. தப்பு உன் பேருல நிக்கும். காய்ச்சல்னா ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

"தப்பு அவங்களுது. பொய்யி மட்டும் நான் சொல்லணுமா? நல்லா இருக்குதே நாயம்!"

குள்ளன் இடையில் புகுந்தான். "அண்ணி, வச்சிருங்க அண்ணி. சாமை நிக்குது. அந்தாளு நாளைக்கே ஆள இட்டாந்து அறுத்துக்கிட்டுப் போயிட்டான்னா மாசியில நாம என்னா திங்கறது? ஒரு வெரலு வச்சா என்னா கொறஞ்சுரும்?"

கொழுந்தன் சொன்னதில் சாமை என்ற சொல் மட்டும் அவளுக்குள் போய் உட்கார்ந்தது. வீட்டில் குதிர் அடி தெரிகிறது. மகள் சின்னக்கா ஏழு மாசக் கர்ப்பம். பழனியம்மாள் விரலை மையில் முக்கித் தாளில் அழுத்தினாள். அழுத்திய அழுத்தில் மேஜை ஆடியது.

இரண்டரை மணிக்குக் கோர்ட் கூடியது. புது முன்சீப்புக்கு முப்பது வயதுகூட இருக்காது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அப்படிப் பயந்தவர்கள் செய்கிற கெடுதலைக் கெட்டவர்கள்கூடச் செய்வதில்லை. மனுக்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன மிஸ்டர் மாதேஸ்வரன், பத்தொன்பது பேருக்கும் ஒரே நாளில் குளிர்காய்ச்சலா?"

"மலைப் பிரதேசம் கனம் கோர்ட்டார் அவர்களே. மழைக்காலம்."

வெங்கடாசலத்தின் வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொன்னார். முன்சீப் அவரைக் கையமர்த்திவிட்டு, முன்னால் நின்ற பழனியம்மாளைப் பார்த்தார்.

"இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

உண்மையில் பரிவாகத்தான் கேட்டார். அந்தப் பரிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க சாமி. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

மாதேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

"அப்ப மனுவில் பொய் சொல்லியிருக்கியா?"

"ஆமாங்க. சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். நெசத்தச் சொல்றேன், கேக்கறீங்களா? எங்களுக்குச் செவ்வாக்கெழமதான் வாய்தா. உங்களுக்கு முந்தி இருந்தவரு, அவருக்கு முந்தி இருந்தவரு, எல்லாரும் அப்பிடித்தான் குடுத்தாங்க. பாயக் கேளுங்க."

முன்சீப் நூர் பாஷாவைப் பார்த்தார். நூர் பாஷா எழுந்து நின்றார். ரிட்டயராக இரண்டு வருஷம் இருக்கிறது.

"ஆமாங்கய்யா. இந்தம்மா சொல்றது வாஸ்தவம்."

"அதுக்கு என்ன சர்க்குலர் இருக்கு?"

"சர்க்குலர் இல்லீங்கய்யா. பழக்கம்."

"பழக்கத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. லிஸ்ட் முறைப்படி போர்டில் போட்டாச்சு."

"ஆருக்குப் போட்டீங்க சாமி?" என்றாள் பழனியம்மாள். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நாங்க வாரத்துல ஒரு நாளுதான் எறங்குவோம்னும் தெரியும். தெரிஞ்சே செவுத்துல ஒட்டிட்டு நீ வரலன்னா, நாங்க என்னா பண்றது? நாங்க இன்னிக்கு வந்திருக்கறோம். பத்தொம்பது பேரும் வந்திருக்கறோம். எங்களக் கூப்பிடாதது நீங்கதான்."

வாசற்படியில் மலை ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. முன்சீப் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாரும்மா. நீ சொல்றத நான் எழுதினா, லிஸ்ட் தப்புன்னு ஆகும். அதுக்கு ரிப்போர்ட் எழுதணும், மேலே விசாரிப்பாங்க, மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உனக்குத் தடையுத்தரவு கிடையாது. காய்ச்சல்னு இருந்தா இப்பவே எல்லாரோட கேசையும் திரும்ப எடுத்துக்கறேன். தடையும் பழையபடி இருக்கும். நீயே சொல்லு. காய்ச்சலா, இல்லையா?"

பழனியம்மாள் திரும்பி வாசலைப் பார்த்தாள். பத்தொன்பது குடும்பம். குள்ளன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான், முன்சீப்பைப் பார்த்தல்ல, அவளைப் பார்த்து.

"காய்ச்சல்தாங்க," என்றாள். "எழுதிக்குங்க. எங்க எல்லாருக்கும் காய்ச்சல். ஆனா அடுத்த வாய்தாவச் செவ்வாக்கெழம குடுங்க சாமி. நீங்க சொன்ன பொய்ய நான் வாங்கிக்கிட்டேன். நான் கேக்கற நாளக் குடுங்க."

"தேதி மிஷின்தாம்மா குடுக்கும்," என்றார் முன்சீப். மனுக்களில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் குள்ளன், "கெலிச்சிட்டம் அண்ணி!" என்றான். பழனியம்மாள் தூக்குப்போசியைத் திறந்தாள். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் காலையிலிருந்து அப்படியே இருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். மீதியைக் கொழுந்தனிடம் நகர்த்திவிட்டு, கடுக்காய்க் காசு வாங்கச் சந்தைக்குப் போனாள்.

சாமை அறுவடை ஆயிற்று. வெங்கடாசலத்தின் ஆட்கள் ஒரு நாள் வரப்புவரை வந்து, உத்தரவு நகலைக் கண்டு திரும்பிப் போனார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பழனியம்மாள் சந்தையை முடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் நூர் பாஷாவிடம் கேட்டாள். ஒவ்வொரு செவ்வாயும் அவர், "இன்னும் லிஸ்ட் வரலம்மா" என்றார். ஐப்பசிக் கடைசியில் நான்கு நாள் மழை விடாமல் அடித்தது. காட்டாற்றில் வெள்ளம். அந்தச் செவ்வாய் சந்தைக்கு மலையிலிருந்து ஒரு ஆள்கூட இறங்க முடியவில்லை.

புதன்கிழமை மழை விட்டது. வெள்ளமும் வடிந்தது. பகல் பதினொரு மணிக்கு மூன்று பேர் நொச்சிக்காட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். ஒருவர் பேன்ட் போட்ட சுகாதார இன்ஸ்பெக்டர், மற்ற இரண்டு பேர் பெட்டி தூக்கி வந்தவர்கள். முழங்கால் வரைக்கும் சேறு. பழனியம்மாள் பாறையில் சாமை காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இங்க பழனியம்மாள், கணவர் பேரு காளி, யாரும்மா?"

"நாந்தான்."

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"எந்தக் காய்ச்சலு?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட தாள். "போன மாசம் பன்னண்டாந்தேதி இந்த மலையில பத்தொம்பது பேருக்குக் குளிர்காய்ச்சல்னு கம்ப்யூட்டர்ல வந்திருக்குது. ஒரே நாளுல இத்தன பேருன்னா சும்மா இல்லம்மா, மலேரியா. தர்மபுரியில கலெக்டரே கூப்பிட்டுக் கேட்டாராம். எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும். எங்க, விரல நீட்டு."

பழனியம்மாள் விரலை நீட்டவில்லை. அவர் கையிலிருந்த தாளையே பார்த்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது.

"ஏனுங்க, என் மருமவ பிரசவத்துல செத்தாளே, அப்ப எங்க போயிருந்தீங்க? தூளி கட்டித் தூக்கிக்கிட்டு எறங்கினோம், பாதி வழியில உசுரு போச்சு. அன்னிக்கு ஆரும் ஏறி வரல. வாய்தா கெழமய மாத்தினாங்க, அதச் சொல்ல ஒருத்தரும் ஏறி வரல. வராத காய்ச்சலுக்கு மூணு பேரு பொட்டியோட வந்திருக்கறீங்க!"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. பேப்பர்ல இருக்குது, நான் வந்தேன்." அவரும் பாவம், நான்கு மணி நேரம் நடந்து வந்தவர். "இதோ பாரு. பேரு, ஊரு, கேஸ் நம்பரு, வராததுக்குக் காரணம் காய்ச்சல், அடுத்த வாய்தா, எல்லாம் வரிசையா அடிச்சிருக்கான்."

"என்னா சொன்னீங்க? வாய்தாவா?"

"ஆமா. எல்லா ஆபீசுக்கும் ஒரே மிஷின்தான, இது கோர்ட்டு லிஸ்டு மாதிரி இருக்குது. பதினாறு பதினொண்ணு எம்பத்தொம்பது."

"அது என்னைக்கிங்க?"

இன்ஸ்பெக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "நாளைக்குத்தான். வியாழக்கெழம."

பழனியம்மாள் பாறையிலிருந்து இறங்கினாள். சாமையில் பதிந்த காலோடு அப்படியே நின்று ஊரைப் பார்த்துக் கத்தினாள். "குள்ளா! எல்லாரையும் வரச் சொல்லு! நாளைக்கு வாய்தாவாம்டா! மறுபடியும் வியாழக்கெழம போட்டுட்டானுங்க!"

ஜனம் கூடியது. வக்கீல் சொன்னாரா, பாய் சொன்னாரா என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். காய்ச்சல்காரர் சொன்னார் என்றாள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"முதல்ல ரத்தம் குடுத்துட்டுப் போங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்தொம்பது சிலைடு இல்லாம நான் திரும்பிப் போவ முடியாது."

"குடுக்கறோம். அதுல இருக்கற பேரயெல்லாம் நீங்க சத்தமாப் படிங்க. கோர்ட்டுல கூப்பிடற மாதிரி மூணு தடவ கூப்பிடணும். ஆரு பேரு வாய்தாவுல இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியணும்."

அவருக்கு வேறு வழியில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் "இருக்கறேனுங்க" என்று முன்னால் வந்து, விரலைக் குத்திக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போய்ச் சோற்றைக் கட்டினார். பதினேழு பேர் இருந்தார்கள். பக்கத்துக் குடிசைகளுக்குப் போயிருந்த மற்ற இரண்டு பேரையும் கூட்டிவரக் குள்ளன் ஓடினான்.

பழனியம்மாள் கடைசியாக விரலை நீட்டினாள். குத்தும்போது முகத்தைச் சுளிக்கவில்லை.

"அந்தத் தாள எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். "நாளைக்கு அந்த முன்சீப்பு மறுபடி என் ஒடம்பக் கேட்டாருன்னா, நான் இதக் காட்டணும்."

"இது சர்க்கார் தாளும்மா. குடுக்கக்கூடாது."

"என் பேரு இருக்குது. என் காடு இருக்குது. எனக்கு வராத காய்ச்சலுகூட இருக்குது. என்னுது இல்லாம இது வேற ஆருது?" என்று அவர் கையிலிருந்து அதை உருவிக்கொண்டாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இருட்டுவதற்குள் அடிவாரம் போய்ச் சேர வேண்டும் என்று முன்னால் நடந்தாள்.